தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்



கல்லூரி ஆய்வகத்தில், நூறு படுக்கை ஆஸ்பத்திரியில், நூல் மில்லில், ஆடிட்டர் அலுவலகத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசிட்டிங் கார்டில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருப்பார்கள். ஆபீஸில் உங்களுக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் தம்பி’, இல்லையென்றால் ‘சிஸ்டம் மேடம்’. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், சம்பளப் பட்டியல் ஓடாவிட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு இருபது பேரை ஷிப்ட் போட்டு வைத்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு இந்த மடல் தேவைப்படாது. அவர்கள் மன்னிக்கவும்.

கான்ஃபிக் கோப்புகளைப் பற்றிப் பேச வேண்டும். டேட்டாவை எப்படியும் பேக்கப் எடுத்துவிடுகிறீர்கள். முதலாளி கேட்பார், ஆடிட்டர் கேட்பார் என்ற பயத்திலாவது எடுக்கிறீர்கள். லினக்ஸ் செர்வரின் ஈடிசி ஃபோல்டரை யாரும் கேட்பதில்லை. மொத்தமாக அள்ளினாலும் சில எம்பிதான் வரும். கல்யாண வீடியோவில் ஒரு நிமிடத்துக்குக் காணாது. ‘இத்யாதி’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம்தான் அதன் பெயர். யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் வேறெங்கும் சேராத சாமானைப் போட்டுவைத்த பரண் அது. இன்று யார் உள்ளே வரலாம், எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும், எந்த வெப்சைட் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்ற உத்தரவுகள் எல்லாம் அந்தப் பரணில்தான் கிடக்கின்றன. அது போனால் டேட்டா பத்திரமாக இருந்தும் ஆபீஸ் ஓடாது.

முதலில் என் சொந்த அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் கல்லூரியில் செர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் மாதம், இரவு பதினோரு மணி, இன்டர்னல் மார்க் ஏற்றும் கடைசி நாள். க்ரான் அட்டவணையில் ஒரு வேலையின் நேரத்தை மாற்ற வேண்டும். க்ரான்டாப் என்று அடித்து, ஹைஃபன் போட்டு, ‘இ’ எழுத்தைத் தட்டினால் அட்டவணை திருத்துவதற்குத் திறக்கும். கீபோர்டில் ‘இ’க்கு வலது பக்கத்தில் ‘ஆர்’ இருக்கிறது. ‘ஆர்’ என்றால் அட்டவணையையே அழித்துவிடு என்று அர்த்தம். என் விரல் ‘ஆர்’ மேல் விழுந்தது. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. அடுத்த வரியில் ப்ராம்ப்ட் வந்து நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. திருத்தும் பொத்தானையும் அழிக்கும் பொத்தானையும் அடுத்தடுத்து வைத்த புண்ணியவானை அன்றைக்குத் திட்டினேன், இன்னும் திட்டுகிறேன்.

ஆறு வருடத்தில் மூன்று பேர் கை வைத்து வளர்த்த அட்டவணை அது. பக்கத்தில் இருந்த தம்பி நல்லெண்ணத்தோடுதான் கேட்டான்: “சார், ஒரு ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?”

வேண்டாம் என்றேன். க்ரான் ஒரு வேலையை ஓட்டும்போதெல்லாம் லாகில் ஒரு வரி எழுதும்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பயனர், இன்ன கட்டளை. அட்டவணை போனாலும் அது நடத்திவைத்த காரியங்களின் குறிப்பு லாகில் இருக்கும். சிஸ்லாகைத் திறந்து க்ரான் என்று தேடினோம். தினமும் 02:17:01-க்கு ஒரே கட்டளை வந்தால், அது தினசரி 2:17-க்கு ஓடும் வேலை. திங்கட்கிழமை மட்டும் வருவதை நான்கு வார லாகை அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். மாதம் ஒருமுறை ஓடுவது, சுருக்கி வைத்திருந்த பழைய லாகில் கிடைத்தது. விடிகாலை மூன்றரைக்குள் பதின்மூன்று வரிகள் தேறின. கேன்டீன் இன்னும் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தோம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

மூன்று பாக்கி இருந்தது, அப்போது தெரியவில்லை.

ஒன்று, அட்டவணையின் தலைப்பில் இருந்த பாத் வரி. எந்த ஃபோல்டர்களில் புரோகிராமைத் தேட வேண்டும் என்று அதுதான் க்ரானுக்குச் சொல்லும். அது ஒரு வேலை இல்லை, அதனால் லாகில் வராது. மறுநாள் இரண்டு ஸ்கிரிப்ட்கள் ‘கட்டளையைக் காணோம்’ என்று சொல்லி நின்றன. இது அரை மணி நேர வேலை, சரிசெய்துவிட்டோம்.

இரண்டு, அந்த 02:17. ‘யாரோ தூக்கக் கலக்கத்தில் 17 என்று போட்டிருக்கிறார்கள்’ என்று நினைத்து, புத்திசாலித்தனமாக அதை 02:00 ஆக்கினேன். டேட்டாபேஸ் பேக்கப் 2 மணிக்குத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் என்பதும், இரண்டும் மோதினால் இரண்டுமே பாதியில் சாகும் என்பதும் நான்காம் நாள் புரிந்தது. முன்பு அந்த வேலையை எழுதியவர் அதன் தலைக்கு மேல் ஹாஷ் போட்டு ஒரு வரி குறிப்பு வைத்திருந்தாராம். ஓசூரில் வேறு வேலையில் இருந்த அவரைப் போனில் பிடித்தபோது சொன்னார். ஹாஷ் போட்ட வரியை க்ரான் படிக்காது, லாகிலும் எழுதாது.

மூன்றாவதுதான் கொடுமை. பதினான்காவதாக ஒரு வேலை இருந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒருமுறை, ஜூன் 1 அன்று, புதுக் கல்வியாண்டுக்கான ஃபோல்டர்களை உருவாக்குகிற வேலை. நான்கைந்து வார லாகில் அது எப்படி இருக்கும்? அப்படி ஒன்று இருந்ததே அடுத்த ஜூனில், அட்மிஷன் கூட்டம் வாசல் வரை நிற்கும்போதுதான் தெரிய வந்தது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். கான்ஃபிக் கோப்பு போகும்போது உத்தரவும் போகிறது, அதன் காரணமும் போகிறது. உத்தரவைப் பெரும்பாலும் மெஷினிடமே கேட்டு வாங்கிவிடலாம். காரணத்தை மனிதரிடம் மட்டும்தான் கேட்க முடியும், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

இப்போது பெரிய விபத்துக்கு வருகிறேன். ஈடிசி ஃபோல்டரே போய்விட்டது என்று வையுங்கள். ஸ்கிரிப்டில் ஒரு ஸ்பேஸ் தவறி விழுந்தால் போதும், ஆர்எம் கட்டளை நடத்திக்காட்டிவிடும். அந்த நேரத்தில் ஸ்கிரீன் பேசுவதைக் கேட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கும். புதிதாக ஒரு ஷெல் திறந்தால், பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘எனக்குப் பெயரில்லை’ என்று வரும். சூடோ போட்டால் ‘யார் நீ?’ என்று கேட்கிற வெர்ஷன்கள் உண்டு. விளையாட்டு இல்லை; எண்ணுக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடும் பாஸ்வேர்ட் கோப்பு போய்விட்டதால், நீங்கள் யார் என்று அதற்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை ரீஸ்டார்ட். செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின், படித்த பாடத்தைப் புத்தகம் தொலைந்த பிறகும் நினைவில் வைத்திருக்கிறது. அணைத்தால் அந்த நினைவும் போச்சு. திறந்திருக்கும் ரூட் டெர்மினலை மூடாதீர்கள். அதை மூடினால், வெளியிலிருந்து புதிதாக எஸ்எஸ்ஹெச் வழியாக யாரையும் உள்ளே விடாது. வெப் செர்வர் ஓடினால் ஓடட்டும். என்ஜின்எக்ஸ் தன் கான்ஃபிகை மெமரியில் வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பக்கங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்களாக நிறுத்திவிட்டால் மறுபடி எழுந்திருக்காது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்பது ப்ராக் ஃபோல்டரில் உள்ள மவுன்ட்ஸ் கோப்பில் இருக்கும். அது டிஸ்கில் உள்ள கோப்பே இல்லை, கெர்னல் நேரடியாகச் சொல்லும் பதில். அதையும் பிஎல்கேஐடி கொடுக்கும் டிஸ்க் எண்களையும் வைத்து எஃப்எஸ்டேப் கோப்பை அப்படியே திரும்ப எழுதிவிடலாம். ஐபி முகவரி, ரூட்டிங், ஹோஸ்ட்நேம் எல்லாம் கெர்னலிடம் இருக்கின்றன. ஃபயர்வால் விதிகளும் அங்கேதான். ஐபிடேபிள்ஸ்-சேவ் என்று கேட்டால் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொல்லும். சர்வீஸ்கள் எந்தெந்த ஆப்ஷனோடு ஓடுகின்றன என்பதை சிஸ்டம்சிடிஎல் ஷோ காட்டும். வருகிற பதிலை எல்லாம் பென் டிரைவில் சேமியுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பப் பார்த்தால், ‘இந்த எண்ணுக்குப் பயனர் இல்லை’ என்று அதுவும் கையை விரிக்கும். அதனால் முதலில் திரும்பி வர வேண்டியது பாஸ்வேர்ட் கோப்பும் குரூப் கோப்பும். பல டெபியன், உபுண்டு செர்வர்களில் வார் ஃபோல்டருக்குள் பேக்கப்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் இவற்றின் நகல் பேக் என்ற வாலோடு கிடக்கலாம். இப்போதே உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த நேரத்தில் ‘வி’ எடிட்டரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். டெபியன் வகை மெஷின்களில் வி, ஆக் போன்ற பெயர்கள் எல்லாம் ஈடிசிக்குள் இருக்கும் ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியாகச் சுற்றித்தான் போகும். பாலம் இடிந்தால் அக்கரையில் வீடு இருந்தும் போக முடியாது. நேனோ பொதுவாக நேரடியாகத் திறக்கும். எந்நேரமும் நேனோவைக் கிண்டல் செய்கிற அண்ணன்களிடம் இதைச் சொல்லுங்கள்.

‘ஓடிக்கொண்டிருப்பதை விடாதே’ என்பதற்கு எங்கள் தொழிலில் பழைய கதை ஒன்று உண்டு. 1986-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது, மாரியோ வோல்ச்கோ என்பவர் எழுதிவைத்தார். ஒருவர் வாக்ஸ் கம்ப்யூட்டரில் ரூட்டாக இருந்துகொண்டு, வேறு ஏதோ ஃபோல்டரில் இருப்பதாக நினைத்து, எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் கட்டளையைத் தட்டிவிட்டார். பாதியில் நிறுத்துவதற்குள் ‘பின்’, ‘ஈடிசி’, ‘டெவ்’, ‘லிப்’ ஃபோல்டர்கள் நான்கும் காலி. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட இல்லை. நல்லவேளையாக ஒருவருடைய டெர்மினலில் ஈமேக்ஸ் எடிட்டர் திறந்தபடி இருந்தது. ஈடிசி என்ற ஃபோல்டரை மறுபடி உருவாக்க வேண்டும். உருவாக்குகிற எம்கேடிர் கட்டளையே அழிந்துபோய்விட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? இருக்கிற டெம்ப் ஃபோல்டரின் பெயரை ஈடிசி என்று மாற்றும் ஒரு குட்டிப் புரோகிராமை வாக்ஸின் மெஷின் மொழியில் கையாலேயே எழுதி, பைட் பைட்டாக ஈமேக்ஸ் வழியாக உள்ளே ஏற்றி ஓட்டினார்கள். அங்கிருந்து துண்டு துண்டாக மீதியைக் கட்டி எழுப்பினார்கள். பயந்துபோய் யாராவது மெயின் சுவிட்சைத் தட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

நமக்கு மெஷின் மொழி தெரிய வேண்டாம். நம்மிடம் பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இங்கேதான் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். டெபியனில் ஒரு பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்தால், அழிந்துபோன கான்ஃபிக் கோப்பு திரும்பி வராது. ‘அட்மின் வேண்டுமென்றே அழித்திருக்கிறார், அவர் முடிவை மதிப்போம்’ என்று டிபிகேஜி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்துச் சொன்னால்தான் காணாமல் போனதைப் போடும். போடுவதும் கம்பெனிப் பொம்மைதான். உங்கள் கை பட்ட திருத்தம் எதுவும் அதில் இருக்காது.

டிஸ்கிலிருந்து தோண்டி எடுப்பது கடைசி வழி. இஎக்ஸ்டி4-ல் கோப்பை அழிக்கும்போது அதன் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரிக் குறிப்பைத் துடைத்துவிடும். துண்டுகள் மேலே வேறு எழுத்து விழும்வரை அங்கேயே கிடக்கும். கான்ஃபிக் என்பது வெறும் டெக்ஸ்ட்தானே. கோப்பில் இருந்த ஒரு தனித்த வரி நினைவிருந்தால், முழு டிஸ்கையும் கிரெப் விட்டு அந்த வரியையும் அதன் முன்னும் பின்னும் இருநூறு வரிகளையும் எடுக்கலாம். நான் இப்படி ஒரு மெயில் செர்வரின் கோப்பை மீட்டிருக்கிறேன். நடுவில் யாருடைய பழைய மெயிலோ பத்து வரி கலந்து வந்தது. விடையைக் கண்டிப்பாக வேறு டிஸ்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தேடுகிற பொருளின் மேலேயே மண் அள்ளிப் போடுவீர்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னொரு ஆபத்து: உபுண்டு மாதிரி மெஷின்களில் ட்ரிம் வாரம் ஒருமுறை தானாக ஓடும். ஓடிவிட்டால் தோண்ட ஒன்றும் மிஞ்சாது. முதலில் அந்த டைமரை நிறுத்துங்கள்.

இனி, நடக்காமல் காப்பது. கோப்பைத் திருத்தும் முன் ‘பேக்’ என்ற வாலோடு ஒரு நகல் எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அதைக் கேலி செய்கிறவர்களை நான் ஏற்பதில்லை. நல்ல பழக்கம், தேதியோடு பெயர் வையுங்கள். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். டெபியனில் என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரில் நகலைப் போட்டால், அது நகலையும் சேர்த்துப் படிக்கும். ஒரே பெயரில் இரண்டு சைட் என்று முனகும், சில நேரம் பழையதையே காட்டும். இதனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் எல்லோரையும் கெஞ்சிப் போடச் சொல்வது ஈடிசிகீப்பர். ஜோயி ஹெஸ் என்பவர் எழுதியது. ஈடிசி ஃபோல்டர் முழுவதையும் கிட்டில் வைத்துக்கொள்ளும். நீங்கள் ஆப்ட் மூலம் எதை இன்ஸ்டால் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் தானாகப் பதிவு செய்யும். வெறும் கிட் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கோப்பு யாருடையது, யார் படிக்கலாம் என்ற விவரத்தை கிட் முழுதாக வைத்துக்கொள்ளாது. பாஸ்வேர்ட் ஹாஷ் இருக்கும் ஷேடோ கோப்பை எல்லோரும் படிக்கும்படி மீட்டுவைத்தால் தொலைத்ததைவிட மோசம். ஈடிசிகீப்பர் அந்த விவரத்தையும் தனியாகக் குறித்துவைக்கும்.

ஆனால் அந்தச் சரித்திரம் முழுவதும் எங்கே இருக்கிறது? ஈடிசிக்கு உள்ளேயே, கிட் என்ற மறைவு ஃபோல்டரில். மாற்றுச் சாவியை வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிற கதை. வேறொரு மெஷினுக்குத் தினமும் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பும் இடம் பூட்டியதாக இருக்கட்டும். பாஸ்வேர்ட் ஹாஷ், எஸ்எஸ்ஹெச் கீ எல்லாம் அதில் போகும். கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டு எனக்கு போன் செய்யாதீர்கள்.

க்ரான் அட்டவணையை ஈடிசிகீப்பர் பார்க்காது. அது வார் ஃபோல்டரின் ஸ்பூலில் தனியாக இருக்கிறது. முக்கியமான வேலைகளை ஈடிசிக்குள் இருக்கும் க்ரான்.டி-க்கு மாற்றிவிடுங்கள். அங்கே அவை சாதாரணக் கோப்புகள். விரல் தவறினாலும் ஒரே தட்டில் எல்லாம் போகாது. ஆன்சிபிள் பற்றியும் கேட்பீர்கள். பத்து மெஷின் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே மெஷின் வைத்துக்கொண்டு ஆன்சிபிள் படித்த பிறகு பேக்கப் எடுக்கலாம் என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவதைவிட, இன்றைக்கே ஒரு டார் கோப்பு மேல்.

எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்ப்பதைப் பற்றி நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், கிட்லேப் கம்பெனியைக் கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு இன்ஜினியர் தவறான செர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜிபி போனது. ஐந்து வகைப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். ஒன்றும் உருப்படியாக இல்லை. தினசரி பேக்கப், வெர்ஷன் பொருந்தாததால் ஓடாமலே இருந்திருக்கிறது. ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய மெயில்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அதையெல்லாம் மறைக்காமல் வெளியே எழுதினார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய டெஸ்க்டாப்பிலோ விர்ச்சுவல் மெஷினிலோ உங்கள் ஈடிசி நகலை விரித்துப் பாருங்கள். முதல் முறை ஏதாவது ஒன்று கண்டிப்பாக இல்லாமல் இருக்கும்.

கடைசியாக, ஹாஷ் போட்ட வரிகள். எந்த எண்ணை மாற்றினாலும் ஏன் மாற்றினீர்கள், எந்தத் தேதியில், யார் கேட்டு என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், யூடிஎஃப்-8 காலம் இது, குறிப்பு வரியில் பெரும்பாலான சர்வீஸ்கள் தகராறு செய்வதில்லை. என்ஜின்எக்ஸில் வருடக்கணக்காக எழுதுகிறேன். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் உங்களை நேரில் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் கல்லூரி செர்வரில் 02:17 வேலைக்கு மேலே இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன. முதல் மூன்று வரி காரணம். நான்காவது வரியை நான் அங்கிருந்து கிளம்பின நாளில் அந்தத் தம்பி சேர்த்தான்: ‘இதை 02:00 ஆக மாற்றத் தோன்றினால், முதலில் டீ குடித்துவிட்டு வரவும்.’

அன்புடன்,
உங்களில் ஒருவன்